படம் வரைந்து சொன்னால் புரியும்

புரோஸ்டேட் புற்றுநோய் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, நோயை விளக்கிய அளவுக்கு அந்தச் சுரப்பியை விளக்கவில்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னே, அக்ரூட் கொட்டை அளவில் சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்த உறுப்பு அது. விந்து நீரின் ஒரு பகுதியைச் சுரக்கிறது. வயது ஏற ஏறப் பெருத்து, நடுவே செல்லும் குழாயை நெருக்கலாம். அந்த வீக்கம் புற்றுநோய் அன்று.

என் தந்தை இரவில் நான்கைந்து முறை எழுந்து, கழிவறைச் சுவரைப் பிடித்தபடி நெடுநேரம் நிற்பார். நீரிழிவு என்றே நினைத்திருந்தோம். மகளிடம் சொல்ல அவர் கூசினார். மருத்துவர் தாளில் வரைந்து காட்டிய பிறகுதான் வாய் திறந்தார். பலதுறை மருந்தகங்களில் இப்படியொரு படத்தைத் தமிழ் விளக்கத்துடன் மாட்டி வைக்கலாம்.

– வாசகி, ஈசூன்