மீட்பால்ல சாஸ் மட்டும் இல்லீங்க, உருண்டையும் இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க சமையல் பக்கத்துல வந்த ஸ்வீட் அண்ட் சவர் மீட்பால் ரெசிபி படிச்சேன். சாஸ் பத்தி அரைப் பக்கம் எழுதிட்டு உருண்டைய மட்டும் "எல்லாத்தையும் கொத்துக்கறியோட போட்டு நல்லா பிசைஞ்சு உருட்டி பொரிக்கவும்"னு ஒரே வரியில முடிச்சுட்டீங்களே, அது நியாயமா?

அந்த "நல்லா பிசைஞ்சு"தான் வினையே. கறியில உப்ப போட்டு அழுத்தி அழுத்தி பிசைஞ்சா அதுல இருக்குற புரோட்டீன் ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா பின்னிக்கும், வெந்ததும் ரப்பர் மாதிரி ஆயிடும். அரை கிலோ கறின்னா அரை கப் பிரெட் தூள், அது நனையுற அளவுக்கு பால், ரெண்டையும் பத்து நிமிஷம் ஊற விட்டு மசிச்சு, முட்டை, வெங்காயம், பூண்டு, மிளகு, உப்பு எல்லாம் மொதல்ல இதோட கலந்துடணும், கறி கடைசியிலதான், அதுவும் விரல் நுனியால சும்மா பிரட்டி விட்டா போதும். ஊறின பிரெட் ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும், அதனாலதான் உள்ள சாஃப்ட்டா வருது. கொழுப்பே இல்லாத கறி வாங்கிட்டு வறண்டு போச்சுன்னு புலம்பறதுல அர்த்தமே இல்ல.

இன்னொண்ணு, "வெளிய பிரவுன் ஆனா எடுத்துடலாம்"னு போட்டிருக்கீங்க. இது ருசி விஷயம் இல்ல, வயித்து விஷயம். முழுத் துண்டு கறியில கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும், அரைச்சதும் அது உள்ள வரைக்கும் கலந்துடும், அதனால உருண்டையோட நடுப்பகுதி, ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்னிக்கறின்னா 71 டிகிரி செல்சியஸ், சிக்கன்னா 74 டிகிரி தொடணும். கலர பாத்து இத சொல்லவே முடியாது, தெர்மாமீட்டர் குத்தித்தான் பாக்கணும். பொரிக்க சோம்பலா இருந்தா ஓவன்ல 200 டிகிரியில வெச்சுடுங்க, சின்ன உருண்டைன்னா இருபது நிமிஷம் சுமாரா ஆகும், எல்லாம் ஒரே சைஸா இருக்கணும் அவ்ளோதான்.

சரி, நீங்க ஆசையா எழுதின சாஸுக்கே வரேன். வினிகர், சர்க்கரை, கெச்சப், சோயா சாஸ், பைனாப்பிள் ஜூஸ், லிஸ்ட் சரிதான் (சோயா சாஸ்லயே உப்பு நெறைய இருக்கு, தனியா எதுக்கு ஒரு ஸ்பூன்?). ஆனா கான்ஃப்ளார் போட்டப்புறம் அரை மணி நேரம் கொதிக்க விடச் சொல்றீங்க. வினிகர் மாதிரி புளிப்போட ரொம்ப நேரம் கொதிச்சா அந்த மாவுச்சத்து உடைஞ்சு, கெட்டியான சாஸ் திரும்ப தண்ணியாயிடும். பச்சத்தண்ணியில கரைச்சு கடைசியில ஊத்தி, கலங்கலா இருக்குறது பளபளன்னு தெளிஞ்சு கரண்டியில ஒட்டுற வரைக்கும் ஒரு ரெண்டு நிமிஷம், அப்புறம் உருண்டைய போட்டு பிரட்டி இறக்கிடலாம்.

பைனாப்பிள் ஃப்ரெஷ்ஷா போடறவங்க அத மொதல்லயே சாஸ்ல கொதிக்க விட்டுடுங்க. பச்சையா இருந்தா அதுல இருக்குற ப்ரொமெலைன்ங்கிற என்சைம் கறிய அரிச்சு கொழகொழன்னு ஆக்கிடும், டின்ல வர்றது ஏற்கனவே சூடு பண்ணினதுங்கறதால அந்தத் தொல்லை இல்ல.

அந்த 71, 74 ரெண்டு நம்பரயாவது அடுத்த வாரப் பக்கத்துல திருத்தமா போடுங்க, பிரவுன் ஆனதும் எடுத்து குழந்தைங்களுக்கு குடுக்கப் போறவங்க இருப்பாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி