ஊர் விலக்குத் தீர்மானத்தைக் கைவிடக் கோரி ஊர் நிர்வாகக் குழுவுக்கும் சேகர கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊர்த் தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஊர்த் திருச்சபையை நடத்தும் சேகர கமிட்டியின் செயலர், பொருளாளர், உறுப்பினர்கள் யாவருக்கும் வணக்கம்.

கீழத்தெருக் கோடியில் உள்ள ஜெபவீட்டுக்குப் போய்வரும் ஏழு குடும்பங்களிடம் இனி வரி வாங்குவதில்லை, அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போவதில்லை, கோவில் கொடையிலும் திருச்சபையின் அசன விருந்திலும் அவர்களுக்குப் பங்கில்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை என்று தீர்மானம் போடுவதற்காக வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் கூட்டப்பட்டிருக்கிறது. இரண்டு குழுக்களும் சேர்ந்து எடுக்கவிருக்கும் முடிவு என்பதால் இரண்டு குழுக்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் இந்த ஊரில் பிறந்து, வரி கட்டி, வாழ்ந்து வருபவன். அந்த ஜெபவீட்டின் போதனையில் எனக்கு உடன்பாடு கிடையாது. நகை அணிவது பாவம், பிற சபைகளில் பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது, நோய்க்கு மருந்து தேடுவது விசுவாசக் குறைவு என்றெல்லாம் அவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. இவற்றுள் கடைசியாகச் சொன்னது ஆபத்தானது என்றே கருதுகிறேன். ஆனாலும் நீங்கள் கொண்டுவரவிருக்கும் தீர்மானம், எந்தக் கேட்டைத் தடுக்க விரும்புகிறீர்களோ அந்தக் கேட்டையே வளர்த்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் குடும்பங்களைப் பற்றி டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் பேசப்படுபவை உங்களுக்குத் தெரியும். வசியம் செய்து இழுக்கிறார்கள், மூளைச்சலவை செய்கிறார்கள், வெளிநாட்டுப் பணம் வருகிறது, நிலத்தை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள் என்கிறார்கள். இவற்றுள் நிலத்தைப் பற்றிய குற்றச்சாட்டு ஒன்றைத்தான் ஆவணத்தைக் கொண்டு சரிபார்க்க முடியும். பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வில்லங்கம் பார்க்கலாம். ஜெபவீட்டை நடத்தும் ஊழியர் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று ஊரே சொல்லும் அந்த முருங்கைத் தோட்டத்துக்கு நான் பார்த்தேன். கூட்டுறவுக் கடனுக்காக வைத்த அடமானம் ஒன்றைத் தவிர அதில் வேறு பதிவு கிடையாது. நிலம் இன்றும் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கிறது. தீர்மானத்தை எழுதியவர்கள் இதைச் செய்து பார்த்தார்களா என்று பணிவோடு கேட்கிறேன்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்த ஜெபவீட்டிலும் போய் உட்கார்ந்தேன். சிமெண்டுத் தரையில் பாய் விரித்து, பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாக இருந்தார்கள். எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். பெண்களின் காதிலும் கழுத்திலும் எதுவும் இல்லை. கைதட்டிப் பாடினார்கள், சிலர் அழுதார்கள், சிலர் எனக்கு விளங்காத சத்தங்களை எழுப்பினார்கள். முன்பின் பார்த்திராத ஒருவருக்கு அது அச்சமூட்டக்கூடியதுதான். கூட்டம் முடிந்தபின், பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண்ணிடம், ஏனம்மா இங்கே வரத் தொடங்கினாய் என்று கேட்டேன். “அவிய குடிய விட்டுட்டாவ அண்ணாச்சி. இப்ப ராத்திரி எங்க வீட்ல சத்தம் இல்ல, பிள்ளைய நிம்மதியா தூங்குதுவ” என்றாள். அவள் தாலியைக் கழற்றி வைத்ததைத்தான் ஊர் பெரிதாகப் பேசுகிறது. அவள் கணவன் குடித்துவிட்டு அடித்த காலத்தில் நம் இரண்டு குழுக்களுள் எதுவும் அவனை அழைத்து விசாரித்ததில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இப்படிப் பேசுவதும், இப்படிப் பேசப்படுவதும் நம் சீமைக்குப் புதிதல்ல. இடையன்குடியில் இருந்த மிஷனெரி கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட சிறு நூலில் நம் முன்னோருடைய கொடையையும் சாமியாட்டத்தையும் பேய் வழிபாடு என்றே எழுதினார். சுடலைமாடனுக்குப் பொங்கல் வைத்த நம் பூட்டன்மார் அந்தப் பார்வையில் இருளில் கிடந்த கூட்டம். தெற்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தோன்றி, மக்கள் அவரிடம் கூடியபோது, அவரைத் திருவிதாங்கூர் மன்னர் சிறையில் வைத்தார். அவர் விடுதலையானபின் மக்கள் வீடுவாசலை விட்டுக் கடற்கரையில் கூடி, ஒருவேளை உண்டு துவையல் தவசு என்ற தவம் இருந்தார்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்களும் அந்த இயக்கத்தைத் தங்கள் பணிக்கு இடையூறு என்றே எழுதி வைத்தார்கள். இன்று அவருடைய அவதார நாளான மாசி 20-க்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். நம் வட்டாரத்தில் அய்யா வழியினர் வழிபடும் நிழல்தாங்கல் இல்லாத திசை இல்லை.

சேகர கமிட்டியார் முதலூரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். புதிய மார்க்கத்தில் சேர்ந்தவர்களைச் சொந்த பந்தங்களே அடித்து விரட்டியதால், அவர்கள் ஒதுங்கி வாழ நிலம் வாங்கி 1799-இல் உண்டாக்கப்பட்டது அந்த ஊர். நெல்லைத் திருச்சபை தன் முதல் கிறிஸ்தவக் கிராமம் என்று பெருமையோடு சொல்லும் ஊர், ஊர் விலக்கிலிருந்து பிறந்த ஊர். அதற்குப் பிறகு அதே திருச்சபைக்குள்ளும் இது நடந்தது. 1857-இல் நாசரேத் பக்கம் அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை, வெள்ளைக்கார மிஷனெரிமாரின் அதிகாரத்தை மறுத்துத் தனிச்சபை கண்டார். பழைய ஏற்பாட்டின் நியமங்களை எடுத்துக்கொண்டு சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்தார். மிஷனெரிமாரின் பார்வையில் அவர் குழப்பக்காரர். இன்றைய ஆய்வாளர்களோ அந்தச் சபையை, அந்நியர் கட்டுப்பாட்டை உதறித் தன் காலில் நின்ற இந்தியத் திருச்சபைகளுள் மிக முந்தியது என்று மதிக்கிறார்கள். 1860-இல் அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் நடத்திய கூட்டங்களில் மக்கள் நடுங்கி விழுந்து அழுதார்கள், பெண்கள் எழுந்து தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அதைத் தேவ செயல் என்பதா, வெறி என்பதா என்று மிஷனெரிமாரே தங்களுக்குள் பிரிந்து நின்றார்கள். கீழத்தெரு ஜெபவீட்டில் இன்று கேட்கும் சத்தம் அந்தக் கூட்டங்களில் கேட்டதிலிருந்து அதிகம் வேறுபட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் நினைவில் இருக்கும் காலத்துக்கே வந்தால், 1981 பிப்ரவரியில் தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரத்தில் 180 குடும்பங்கள் வரை இஸ்லாத்தைத் தழுவியபோது, நாடெங்கிலுமிருந்து தலைவர்களும் பத்திரிகையாளர்களும் அங்கே குவிந்தார்கள். வளைகுடாப் பணம்தான் காரணம் என்று பலர் வருவதற்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள். சாதியின் பெயரால் தாங்கள் பட்ட அவமானத்தை அந்த மக்கள் தம் வாயாலேயே சொல்லியும், அது அந்தக் கூச்சலுக்கு இடையில் சரியாகக் காதில் விழவில்லை.

மூளைச்சலவை என்ற குற்றச்சாட்டை உலகில் சிலர் பொறுமையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கொரியாவில் சன் மியுங் மூன் தொடங்கிய ஒருங்கிணைப்புச் சபை 1970-களில் இங்கிலாந்தில் இளைஞர்களைக் கவர்ந்தபோது, பிள்ளைகளை மயக்கிவிட்டார்கள் என்று பெற்றோர் கொதித்தார்கள். சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் பல ஆண்டுகள் அவர்களுடன் பழகி ஆராய்ந்தார். அந்தச் சபையின் பயிற்சி முகாம்களுக்குப் போனவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதில் சேரவேயில்லை. சேர்ந்தவர்களிலும் கணிசமானோர் சில ஆண்டுகளுக்குள் தாமாகவே விலகிவிட்டார்கள். தப்ப முடியாத வசியம் என்று ஒன்று இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. இதைச் சொல்வதால் அந்தச் சபை நல்ல சபை என்று ஆகிவிடாது. மனிதர்கள் ஏன் சேர்கிறார்கள், ஏன் விலகுகிறார்கள் என்று கேட்டால் விடை கிடைக்கும் என்பதுதான் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அதே பார்க்கர் 1988-இல், கலங்கிய குடும்பங்களுக்குச் சரியான தகவல் கொடுப்பதற்காக லண்டனில் ஒரு மையத்தையும் தொடங்கினார்.

அச்சம் நியாயமாக இருந்த இடங்களும் உண்டு. அதை மறைத்து எழுதினால் நீங்கள் என்னை நம்ப வேண்டியதில்லை. 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானா நாட்டில் ஜோன்ஸ்டவுன் என்ற குடியிருப்பில், ஜிம் ஜோன்ஸின் கட்டளைப்படி நஞ்சூட்டப்பட்டு 900-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். அதற்கு முன்பே உறவினர்கள் எச்சரித்திருந்தார்கள். பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்திருக்கிறார்கள், ஆயுதக் காவல் போட்டிருக்கிறார்கள், கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். உடையையோ பாட்டையோ பற்றி அவர்கள் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. வெளியே போக நினைப்பவன் போக முடியாமல் தடுக்கப்படுகிறான் என்பதே அவர்களுடைய புகாரின் சாரம். அந்தப் புகாரைக் காலத்தில் கேட்டிருக்க வேண்டும்.

நம் ஊரிலும் அப்படிக் கேட்டே தீர வேண்டிய புகார்கள் இரண்டு உண்டு. நிலத்துக்கும் வசியத்துக்கும் இடையில் அவை காணாமல் போய்விட்டன என்பதே என் ஆதங்கம். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலில் நாள்கணக்கில் கிடந்தும், ஜெபம் போதும் என்று மருந்து கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அவனுடைய அத்தை சண்டை போட்டுத் தூக்கிக்கொண்டு போய் அரசு மருத்துவமனையில் சேர்த்ததால் பிழைத்தான். வயது வந்தவர் தமக்கு மருந்து வேண்டாம் என்று சொல்வது வேறு; பிள்ளைக்கு மறுப்பது வேறு. மத உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவே அந்த உரிமையைப் பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்றுதான் சொல்கிறது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் வேண்டுமானாலும் அழைத்துச் சொல்லலாம். இரண்டாவது, கணவனை இழந்த ஒரு பெண் தன் நகையை விற்றுக் காணிக்கையாகக் கொடுத்த தொகை. அது எங்கே போனது என்று அவளுடைய மகன் கேட்டபோது ஊழியர் கணக்குக் காட்ட மறுத்துவிட்டார். கேட்க வேண்டிய கேள்வி அது, விடாமல் கேட்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் உங்கள் தீர்மானத்தில் ஒரு வரி கூட இல்லை. விலக்கி வைத்துவிட்டால் அடுத்த காய்ச்சலின்போது அந்த வீட்டுக்குள் நுழைந்து சண்டை போட எந்த அத்தையால் முடியும்? அக்கம்பக்கத்தார் பேச்சு நின்று, கடைக்காரர் சாமான் கொடுக்காமல், பள்ளியில் பிள்ளைகள் ஒதுக்கப்பட்டால், அந்தக் குடும்பங்களுக்கு மிஞ்சப்போகும் ஒரே உறவு அந்த ஊழியர்தான். உலகம் உங்களைப் பகைக்கும் என்று அவர் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கிக்கிறார். நான் என் காதால் கேட்டேன். அது உண்மைதான் என்று நாமே நிரூபித்துக் கொடுக்கப் போகிறோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ நகருக்கு வெளியே 1993-இல் இதன் கொடிய வடிவம் நடந்தது. டேவிட் கோரெஷ் என்பவரின் கூட்டத்தைப் பற்றி விசாரிக்கத்தக்க குற்றச்சாட்டுகள் உண்மையாகவே இருந்தன. ஆனால் வெளியுலகம் படை திரட்டி வரும் என்று அவர் போதித்துக்கொண்டிருந்தபோது, அரசு துப்பாக்கியோடும் கவச வண்டிகளோடும் 51 நாள் முற்றுகையிட்டது. முடிவில் தீயில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்பாற்றப்பட வேண்டிய குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். நம் ஊரில் அப்படியெல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சுற்றி வளைத்தால் உள்ளே இருப்பவர்கள் தலைவனை விட்டு விலக மாட்டார்கள், இன்னும் இறுகப் பற்றிக்கொள்வார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல், கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை, அவற்றை ஒடுக்க வேண்டும் என்று தெளிவாகக் கூறியிருக்கிறது. மினிட் நோட்டில் கையெழுத்திடப் போகும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும் என்று விரும்புகிறேன்.

எனவே ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானத்தைக் கைவிடுங்கள் என்று இரு குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன். வரி கொடுக்க முன்வருபவரிடம் வரி வாங்குங்கள். வழிபாட்டுச் செலவுக்குக் கொடுக்க மனம் இல்லை என்பவரிடம் தெருவிளக்குக்கும் கிணற்றுக்கும் உரிய பங்கை மட்டும் வாங்குங்கள். கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய பேச்சையே எடுக்க வேண்டாம். அந்த ஏழு குடும்பங்களின் தாய் தகப்பன்மார் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் கடைசி காலத்தில் எந்தக் கூரைக்குக் கீழே ஜெபித்தார் என்பதைக் கொண்டு அவரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் புதைக்கும் அதிகாரம் நமக்குக் கிடையாது. பீடிக் கடையிலிருந்து வரும் பெண்களிடம் வழிமறித்துப் பேசும் இளைஞர்களைக் குழுவே கண்டித்து நிறுத்த வேண்டும்.

அந்த ஊழியரைத் திண்ணைக்கு வரவழைத்து நிறுத்தாமல், தலைவர் அண்ணாச்சியும் சேகரத்துப் போதகர் ஐயரும் அவருடைய இடத்துக்கே போய்ப் பேச வேண்டும். பிள்ளைகளுக்கு நோய் வந்தால் மருத்துவமனைக்குப் போவதைத் தடுப்பதில்லை என்று அவர் சபையார் முன்னிலையில் சொல்லட்டும். சொல்ல மறுத்தால் 1098-க்கும் காவல் நிலையத்துக்கும் முதல் ஆளாக நானே எழுதிக் கொடுக்கிறேன். அந்தப் பெண்ணின் பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள். அவளையும் உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள், ஏனென்றால் கொடுத்தவள் அவள், மனம் வருந்தினாளா இல்லையா என்று அவளிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சிறுவனின் காய்ச்சல் பற்றிய விவரங்களையும் நிலத்தின் வில்லங்கச் சான்றின் நகலையும் சனிக்கிழமைக்குள் தலைவர் அண்ணாச்சியிடம் நேரில் ஒப்படைக்கிறேன். தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடும் முன்பாக அந்த ஏழு குடும்பங்களிலிருந்தும் ஒருவரையாவது பேச அழைக்குமாறும், அதற்கு முன் இந்த மடலைக் கூட்டத்தில் வாசிக்க எனக்கு நேரம் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊர் வரிதாரர் ஒருவர்