இனிப்பு ஆசைக்கு நாட்டுச்சர்க்கரை தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் நலவாழ்வுப் பகுதிகளிலும் சமையல் இணைப்புகளிலும் அண்மைக்காலமாக ஓர் அறிவுரை திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச்சர்க்கரைக்கோ கருப்பட்டிக்கோ மாறிவிட்டால் இனிப்பை அஞ்சாமல் உண்ணலாம் என்றும், ஆயுர்வேதமே அதற்கு இடமளிக்கிறது என்றும் எழுதுகிறார்கள். பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாக யோகப் பயிற்சி அளித்துவரும் நான், இதை நம்பிக் கருப்பட்டி அல்வாவையும் வெல்லப் பாயசத்தையும் நாள்தோறும் உண்டுவிட்டு, இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குகிறவர்களை அடிக்கடி சந்திப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லை. அதில் தாதுச்சத்துகள் சிறிதளவு இருப்பதும் உண்மை. ஆயினும் வெல்லமோ கருப்பட்டியோ, அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். உலக சுகாதார அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரையும், தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் மேலும் நல்லது. இந்த 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை இட்ட தேநீரை மூன்று முறை அருந்துபவருக்கு அந்த அளவு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்ட பிறகும், 'சர்க்கரை நோயாளிகளும் உண்ணலாம்' என்ற குறிப்புடன் கருப்பட்டி இனிப்புகளின் செய்முறைகள் அச்சாகிக்கொண்டிருப்பது எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது.

ஆயுர்வேதத்தின் பெயரால் இதைச் சொல்வது அந்த மருத்துவத்துக்கே இழைக்கும் அநீதி. ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதை நீரிழிவு உள்ளிட்ட பிரமேக நோய்களுக்கான காரணங்களைக் கூறுமிடத்தில், உட்கார்ந்தே சுகம் காண்பது, உறக்கத்திலேயே சுகம் காண்பது, தயிர், பால், புதிய தானியம் என்று அடுக்கிச் செல்லும் வரிசையிலேயே வெல்லத்தால் செய்த பண்டங்களையும் வைக்கிறது. மேலும், அரிசி, கோதுமை, பால், நெய் ஆகிய அனைத்தும் ஆயுர்வேதக் கணக்கில் இனிப்புச் சுவையே ஆதலால், சோறுண்ட ஒருவர் அன்றைய இனிப்பின் பெரும்பங்கை ஏற்கெனவே உண்டுவிட்டார். பிறகும் நாக்கு இனிப்பைத் தேடுவது ஏன் என்பதையே நாம் கேட்க வேண்டும்.

என் அனுபவத்தில், அதற்கான விடை பெரும்பாலும் மதியத் தட்டிலேயே இருக்கிறது. வெள்ளைச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் என்ற உணவில் இனிப்பும் உப்பும் புளிப்பும் காரமும் உண்டு. கசப்புக்கும் துவர்ப்புக்கும் இடம் மிகக் குறைவு. நல்லெண்ணெயில் கருக வறுத்த சுண்டைக்காய் வத்தலும், பாகற்காய்ப் பொரியலும், வேப்பம்பூ ரசமும், வாழைப்பூக் கூட்டும் வாரத்தில் ஒருமுறையாவது இருந்த வீடுகளில் இன்று அவை நோயாளிக்கான உணவாகிவிட்டன. இனிப்பை முதலிலும், புளிப்பையும் உப்பையும் இடையிலும், காரம், கசப்பு, துவர்ப்பு ஆகியவற்றை இறுதியிலும் உண்ணுமாறு மற்றோர் ஆயுர்வேத மூலநூலான சுசுருத சம்ஹிதை கூறுகிறது. கசப்பிலும் துவர்ப்பிலும் முடியும் உணவுக்குப் பின் நாக்கு மிட்டாயைத் தேடுவது குறைவதை என்னிடம் பயில்வோர் பலரிடம் கண்டிருக்கிறேன். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் இந்த வரிசையை அப்படியே பின்பற்றாமல், காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னர் உண்பது நல்லது. உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் அதனால் குறைவதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன.

நம் வேலிகளில் படரும் சிறுகுறிஞ்சானையும் இங்கே சொல்ல வேண்டும். அதன் இலை ஒன்றை நன்றாக மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை நாக்கில் இட்டால், இனிப்பே தெரியாமல் மணலைப் போல நெறுநெறுக்கும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் மொட்டுகளைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்துவதே இதற்குக் காரணம். இது இரத்தச் சர்க்கரையையும் குறைக்கக்கூடும் என்பதால், மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதன் பொடியை வாங்கி உண்ணக் கூடாது.

மாலை நான்கு மணிக்கு எழும் இனிப்பு ஆசைக்குக் காலை உணவைத் தவிர்த்ததோ, முந்தைய இரவு உறக்கம் கெட்டதோ, அலுவலக நெருக்கடியோ பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. யோகம் துணை நிற்பது இங்கேதான். அந்த நேரத்தில் முதுகு நிமிர்த்தி அமர்ந்து, உள்மூச்சைவிட வெளிமூச்சு நீளுமாறு ஐந்து நிமிடம் நாடிசுத்தி, அதாவது இரு நாசிகளிலும் மாறி மாறி மூச்சுவிடும் பயிற்சி, செய்தால் பதற்றம் தணிகிறது. பதற்றத்தோடு வந்த ஆசையும் பெரும்பாலும் தணிகிறது. நாக்கைக் குழலாக மடித்து மூச்சை உள்ளிழுத்து மூக்கின் வழியே விடும் சீதளியும் பலருக்கு உதவுகிறது. நாக்கை மடிக்க வராதவர்கள் பற்களைச் சேர்த்து அவற்றின் இடைவெளியில் காற்றை இழுக்கும் சீத்காரியைச் செய்யலாம். ஆஸ்துமாவும் சளித்தொல்லையும் உள்ளவர்களுக்கு இவ்விரண்டும் ஏற்றவை அல்ல. உண்டபின் பத்து நிமிடம் நடப்பது எல்லாருக்கும் உகந்தது. நடக்கும்போது தசைகள் குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. மூச்சுப்பயிற்சி செய்கிறோம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் வெளியிடும் ஒவ்வோர் இனிப்புச் செய்முறையின் கீழும், ஒருவர் உண்ணும் அளவில் எத்தனை கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதை, அது வெல்லமாயினும் கருப்பட்டியாயினும் தேனாயினும், தவறாமல் அச்சிடுங்கள். 'சர்க்கரை நோயாளிகளும் உண்ணலாம்' என்ற வரியை மருத்துவர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தராமல் சேர்க்காதீர்கள். வரும் தீபாவளிக்கான சமையற்குறிப்புகளிலேயே இதைத் தொடங்கினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
யோகப் பயிற்றுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை.