ஹார்ட்வேர் கடிகாரத்தில் எழுதுமுன் கொஞ்சம் பாருங்கள்

சர்வர்களைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் கருவிக்கான ரோல்களை (டாஸ்க் தொகுப்புகளை) எழுதிப் பராமரிக்கும் குழுவினருக்கு, வணக்கம்.

டைம்ஸோன் மாறியதும் ஹேண்ட்லரில் (மாற்றம் நடந்தால் மட்டும் ஓடும் டாஸ்க்கில்) ஹெச்டபிள்யூகிளாக் கட்டளையை ஓட்டி, சிஸ்டம் நேரத்தை ஆர்டிசியில், அதாவது ஹார்ட்வேர் கடிகாரத்தில், எழுதும் வழக்கம் பல ரோல்களில் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். ஆர்டிசி யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால், டைம்ஸோன் மாறுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாறுவது நேரத்தைக் காட்டும் விதம் மட்டுமே. ஆர்டிசி எந்த நேரத்தில் ஓடுகிறது என்று குறிக்கும் அட்ஜ்டைம் கோப்பின் மூன்றாவது வரியில் 'லோக்கல்' (உள்ளூர் நேரம்) என்று இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

கன்டெய்னருக்குள் (சர்வருக்குள் தனித்து ஓடும் சிறு சூழலுக்குள்) பெரும்பாலும் ஆர்டிசி சாதனக் கோப்பே இருக்காது. கட்டளை தோற்கும், ரோல்களை ஓட்டும் பிளேபுக் அங்கேயே நிற்கும். உடனே 'பிழை வந்தாலும் தொடரு' என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். நிஜ சர்வரில் வரும் பிழையும் அதோடு மறைந்துவிடுகிறது. சர்வர் விர்ச்சுவலா என்று ரோலில் சோதித்தும் பயனில்லை: கேவிஎம்மில் ஓடும் விர்ச்சுவல் கணினிக்கு ஆர்டிசி உண்டு, நிஜக் கணினியான ராஸ்பெரி பை 4-இல் கிடையாது. எழுதியே ஆக வேண்டுமென்றால், ஆன்சிபிளின் ஸ்டாட் மாட்யூலால் சாதனக் கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வரிசை அதைவிட முக்கியம். நேரம் ஒத்திசையுமுன் எழுதினால் தவறான நேரமே ஆர்டிசியில் பதியும். நேர ஒத்திசைவு மென்பொருளான குரோனியில் 'மேக்ஸ்டெப் 1.0 3' வையுங்கள்: விலகல் 1 வினாடியைத் தாண்டினால், முதல் 3 புதுப்பிப்புகளுக்குள் ஒரே தாவலில் திருத்திவிடும். பிறகு 'வெயிட்சிங்க் 30 0.1' கட்டளை: விலகல் 0.1 வினாடிக்குள் வந்ததா என்று 10 வினாடிக்கொரு முறை, 30 முறை பார்க்கும், அதாவது சுமார் 5 நிமிடம். அது வெற்றியோடு திரும்பிய பிறகே எழுதலாம்.

ஆர்டிசியை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி செத்த சர்வர் பல ஆண்டு பின்தங்கிய நேரத்தோடு பூட் ஆகும். அப்போது இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று தள்ளப்படும். மென்பொருளை நிறுவும் ஆப்ட், களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பையும் ஏற்காது. குரோனியை நிறுவும் டாஸ்க்கே அங்கு தோற்றுவிடும். அதனால் நேர ஒத்திசைவு மென்பொருள் ஏதாவது ஒன்று அடிப்படை இமேஜிலேயே இருக்கட்டும்.

குரோனி அமைப்பில் 'ஆர்டிசிசிங்க்' வரி இருந்தால், லினக்ஸின் மையமான கெர்னலே 11 நிமிடத்துக்கொரு முறை ஆர்டிசியில் எழுதிக்கொள்ளும். ஹேண்ட்லருக்கு வேலையே மிச்சமில்லை. அந்த வரி இல்லையென்றால், குரோனி சரியாக ஓடினாலும் நேர நிலையைக் காட்டும் டைம்டேட்சிடிஎல் கட்டளை 'ஒத்திசைவு இல்லை' என்றே காட்டும். ஆர்டிசியின் விலகலைக் குரோனியே கணக்கிட்டு வைக்கும் 'ஆர்டிசிஃபைல்' வரியை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள், இரண்டும் ஒன்றாக இயங்கா.

அடுத்த வெளியீட்டுக்கு முன் இரண்டு இடங்களில் ரோலை ஓட்டிப் பாருங்கள்: ஆர்டிசி இல்லாத கன்டெய்னர் ஒன்று, ஆர்டிசியை வேண்டுமென்றே 2 நாள் பின்தள்ளி பூட் செய்த சர்வர் ஒன்று.

இப்படிக்கு,
உங்கள் ரோல்களை நம்பி சர்வர்களை நடத்துபவர்கள்