லென்ஸைச் சொல்லுங்கள், சுவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

சின்ன பட்ஜெட்டில் குறும்படம், வெப் சீரிஸ், பாட்டு வீடியோ, சிறு படங்கள் எடுக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்களைப் போன்றவர்களின் படங்களுக்குச் செட் போடுவதுதான் என் வேலை. ஷூட்டிங்குக்கு நாலு நாள் இருக்கும்போது போன் வரும். "ஆர்ட்டுக்குப் பெரிசா காசு இல்லை, இருக்கிறதை வச்சு ஒப்பேத்திக் குடுத்திடுங்க" என்பீர்கள். காசு குறைவு என்பதில் எனக்கு வருத்தமே இல்லை, நான் தொழில் கற்றதே அப்படிப்பட்ட படங்களில்தான். வருத்தம் அந்த நாலு நாளில்தான் இருக்கிறது. அதற்குள் ஸ்கிரிப்ட் முடிந்திருக்கும், இடம் பேசியிருப்பீர்கள், கேமராவும் லென்ஸும் வாடகைக்குச் சொல்லியாகியிருக்கும், எந்த நாளில் எந்தக் காட்சி என்று அட்டவணையும் போட்டிருப்பீர்கள். ஒரு செட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்பதைத் தீர்மானிக்கிற எல்லா முடிவுகளையும் செட் போடுகிறவர் இல்லாமலேயே எடுத்துவிட்டு, கடைசியில் பில்லை மட்டும் எங்கள் கையில் கொடுக்கிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஸ்கிரிப்ட் இரண்டாவது டிராஃப்டில் இருக்கும்போதே எங்களைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது ஒளிப்பதிவாளரும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஏன் ஒளிப்பதிவாளர் என்றால், சுவரின் அளவைச் சொல்வது அவருடைய லென்ஸ்தான். ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில், படத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். கேமராவுக்கும் பின்சுவருக்கும் 10 அடி தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 எம்எம் லென்ஸ் போட்டால் அந்தச் சுவரில் ஏழு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும். அதே இடத்தில் நின்று 24 எம்எம் போட்டால் 15 அடி தெரியும். செட் சுவருக்கான ப்ளைவுட் 8 அடிக்கு 4 அடி தாளாக வருகிறது, அதை நிற்க வைத்தால் முதல் ஷாட்டுக்கு இரண்டு தாள் போதும், இரண்டாவதுக்கு நான்கு வேண்டும். அகலத்தோடு விட்டால் பரவாயில்லை. கேமரா 5 அடி உயரத்தில் நேராகப் பார்க்கிறது, படம் 16:9 என்றால், 24 எம்எம்மில் ஃப்ரேமின் மேல் விளிம்பு ஒன்பது அடியைத் தாண்டிவிடும். எங்கள் சுவர் எட்டு அடியில் முடிந்துபோகும், அதற்கு மேலே, செட் போட்டிருக்கும் ஷெட்டின் தகரக் கூரை தெரியும். 50 எம்எம்மில் ஏழு அடியோடு நின்றுவிடும், ஒரு அடி மிச்சம் இருக்கும். ஒரு லென்ஸ் மாறியதால் சுவரை இரண்டு மடங்கு அகலமாக்கி, உயரத்தையும் கூட்டி, அதைத் தாங்க ரீப்பர் கட்டையும் முட்டும் பெயின்ட்டும் ஆளும் கூட்ட வேண்டியிருக்கிறது. இதை ஷூட்டிங் அன்று காலையில் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று வாரம் முன்னால் கேட்டால் அது ஒரு சாதாரணப் பேச்சு.

ஒருமுறை ஒரு குறும்படத்துக்கு மருத்துவமனை வார்டு போட்டேன். "கட்டிலைப் பார்த்து ஒரே பக்கம்தான் ஷூட் பண்றோம்" என்று இயக்குநர் சொன்னார், நானும் ஒரு மூலையில் இரண்டு சுவர் நிறுத்தினேன். அன்றைக்கு நடிகை அற்புதமாக நடித்தார். அதைப் பார்த்ததும் எதிரே உட்கார்ந்திருக்கும் மகனின் முகமும் வேண்டும் என்று இயக்குநருக்குத் தோன்றிவிட்டது. நியாயமான ஆசை, எனக்கும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால் மகனுக்குப் பின்னால் சுவரே கிடையாது, லைட் ஸ்டாண்டுகளும் வயரும்தான். நாலு மணி நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் தொங்குமே, அந்த மாதிரிப் பச்சைத் திரை ஒன்றைத் தைத்து மகனுக்குப் பின்னால் தொங்கவிட்டோம். நன்றாகவே இருந்தது. இன்றைக்கும் என்னை உறுத்துவது, அந்தத் திரையை முதலிலேயே யோசித்திருந்தால் சுவர் ஒன்றையே குறைத்திருக்கலாம் என்பதுதான். துணி மலிவு, கையோடு எடுத்துப் போகலாம், கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அதையும் திருப்பிவிடலாம். அந்த நாலு மணி நேரத்துக்கான கேமரா வாடகை, ஆட்களின் சம்பளம் இரண்டையும் கூட்டிப் பார்த்தால் இன்னும் இரண்டு சுவர் கட்டியிருக்கலாம்.

எழுதும்போதே கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். இன்னொரு படத்தில் காவல் நிலையக் காட்சி. முதல் டிராஃப்டில் நாயகன் வாசலில் நுழைந்து, வரவேற்பு மேஜையைத் தாண்டி, லாக்கப்பைப் பார்த்துவிட்டு, ஆய்வாளர் அறைக்குப் போவான். படித்துவிட்டு நான் கேட்டது, "இந்தக் காட்சியில் அவனுக்கு என்ன நடக்கிறது?" "காத்திருக்கிறான், யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை" என்றார் இயக்குநர். அப்படியானால் காட்சிக்கு வேண்டியது ஒரு பெஞ்சுதானே. பல வருடம் பலர் உட்கார்ந்து எழுந்து விளிம்பு வழவழத்துப்போன பெஞ்ச், அதற்குப் பின்னால் தோள் உயரத்தில் சாய்ந்து சாய்ந்து அழுக்கேறிய சுவர், மேஜையின் ஓரம் மட்டும், அதில் நூல் கட்டிய பேனா. லாக்கப்பைக் கம்பியின் நிழலாலும் இரும்புக் கதவுச் சத்தத்தாலும் காட்டிவிட்டோம். நான்கு இடங்கள் ஒரே மூலையில் அடங்கின. காட்சியும் நல்லதானது, ஏனென்றால் அவன் அங்கேயே மாட்டிக்கொண்டவன் போல ஆகிவிட்டான். இந்த மாற்றத்தைச் செய்தது பேனா, சுத்தியல் இல்லை. ஸ்கிரிப்ட் பூட்டிய பிறகு நான் இதைச் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியும்.

1997இல் வந்த 'க்யூப்' படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வின்சென்சோ நடாலி இயக்கியது. ஆயிரக்கணக்கான அறைகள் கொண்ட ஒரு புதிருக்குள் மனிதர்கள் அறை அறையாக ஓடுவார்கள். உண்மையில் முழுதாகக் கட்டியது 14 அடிக்கு 14 அடியில் ஒரே ஓர் அறை. சுவர்ப் பலகைகளில் நிறத்தாள்களை மாற்றி மாற்றி அதையே வேறு வேறு அறையாக்கினார்கள். மாற்றுவதற்கு நேரம் பிடித்ததால், கதை வரிசையை விட்டுவிட்டு ஒரு நிறத்துக்குரிய காட்சிகளை எல்லாம் சேர்த்து எடுத்தார்கள். அட்டவணையும் செட்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினால்தான் இது முடியும்.

இன்னொரு உதாரணம் எனக்கு மிகப் பிடித்தது. 1957இல் சிட்னி லூமெட் எடுத்த '12 ஆங்ரி மென்'. கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரு ஜூரி அறைக்குள். ஆரம்பத்தில் கண் மட்டத்துக்கு மேலிருந்து அகலமான லென்ஸில் (24 எம்எம் போல நிறைய இடத்தைக் காட்டுவது) எடுத்தார், போகப்போகக் கேமராவைக் கீழே இறக்கி நீளமான லென்ஸுக்கு (எம்எம் கூடுதலாக, குறைந்த இடத்தை மட்டும் காட்டுவது) மாறினார். சுவர்கள் நெருங்கி வருவது போலவும் கூரை தலைக்கு மேல் இறங்குவது போலவும் இருக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கேமரா கீழிருந்து பார்த்தால் கூரை தெரியும், கூரை வேண்டும் என்றால் மேலிருந்து லைட் போட முடியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், தேவையான பகுதிக்கு மட்டும் துணியில் கூரை இழுத்துக் கட்டலாம். துணி வழியாக வெளிச்சம் கசிந்து இறங்கும், ஒளிப்பதிவாளருக்கும் வேலை எளிது.

நிறத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், அதிகம் சண்டை வருவது இங்கேதான். தயவுசெய்து வெள்ளைச் சுவரைக் கேட்காதீர்கள். முகத்துக்குச் சரியாக வெளிச்சம் வைத்தால் சுவர் வெளுத்து எரிந்துபோகும், சுவரைச் சரிசெய்தால் முகம் இருண்டுபோகும், கறுத்த முகமென்றால் நிலைமை இன்னும் மோசம். கண்ணுக்குக் கொஞ்சம் அழுக்காகத் தெரிகிற ஒரு சாம்பல் கலந்த நிறம் கேமராவில் அழகான வெள்ளைச் சுவராக நிற்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் இரண்டடிக்கு இரண்டடி பலகையில் அடித்துத் தருகிறேன், அதே கேமரா, அதே லைட்டில் ஒரு நிமிடம் எடுத்துப் பார்ப்போம். பளபளக்கும் பெயின்ட் வேண்டாம், லைட் எல்லாம் அதில் தெரியும். நெருக்கமான கோடு போட்ட திரையும் வேண்டாம், கேமராவில் அலையடிக்கும். அப்புறம், நடிகரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் ஐந்தாறு அடியாவது முன்னால் கொண்டுவந்தால் சுவரில் நிழல் விழாது, எங்கள் மலிவுச் சுவரின் ஒட்டுகளும் பின்னால் மங்கிப்போகும்.

புது பெயின்ட் அடித்த சுவர் செட் மாதிரிதான் தெரியும். அதில் வாழ்ந்த அடையாளத்தை ஏற்ற எங்களுக்கு ஒரு முழு நாள் வேண்டும். சுவிட்சைச் சுற்றிக் கை பட்ட கறுப்பு, மாட்டியிருந்த படத்தை எடுத்த இடத்தில் மட்டும் வெளுக்காத சதுரம், நாற்காலி முதுகு இடித்த கீறல், குழாய்க்கு அடியில் இறங்கிய துரு. உப்புத்தாள், தேயிலைச் சாயம், தண்ணீராகக் கரைத்த பழுப்பு நிறம், ஒரு பழைய துணி, இவ்வளவுதான் பொருள். காசு ஆகவே ஆகாது, நேரம்தான் ஆகும். அட்டவணை இறுகும்போது நீங்கள் முதலில் வெட்டுவதும் இந்த ஒரு நாளைத்தான், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

"நண்பர் வீடு சும்மா கிடைக்குது, செட் எதுக்கு?" என்றும் கேட்பீர்கள். சரி, பல நேரம் அதுதான் நல்ல வழி. ஆனால் அந்த வீட்டுச் சாமான்களை வெளியே எடுக்க வேண்டும், மறுபடி அதே இடத்தில் வைக்க வேண்டும், அதற்காக எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு அலமாரியையும் போட்டோ எடுக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்க முடியாது. பின்னால் நகர இடமில்லாததால் கேமரா அகலமான லென்ஸுக்குப் போகும், அது அறை முழுவதையும் காட்டும், அறை முழுவதையும் நாங்கள் அலங்கரிக்க வேண்டும். இடம் சும்மா கிடைக்கலாம், அந்த உழைப்பு சும்மா கிடைப்பதில்லை. வீடு பார்க்கப் போகும்போது எங்களில் ஒருவரையும் அழைத்துப் போங்கள், அது போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எட்டு அடிச் சுவருக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து, மணல் மூட்டை வைத்துத்தான் நிறுத்துவேன். நடைபாதைக்கு இடைஞ்சல் என்று யாரும் அதை எடுக்கக் கூடாது, அது ஆள் மேல் சாயும். தெர்மகோலும் துணியும் சூடான லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. வெளியேறும் வழியை அடைத்துச் செட் போடச் சொன்னால் போட மாட்டேன், ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும். ராத்திரி முழுக்கப் பெயின்ட் அடித்த என் உதவியாளர்களைக் காலையில் சாமான் தூக்கச் சொல்லாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் ஏணியில் ஏறுகிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்த படத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முடியாத டிராஃப்டாக இருந்தாலும் பரவாயில்லை, உங்களோடு வேலை செய்யப்போகும் கலை இயக்குநருக்கு இந்த வாரமே அனுப்புங்கள். காட்சிக்குப் பக்கத்தில் என்ன லென்ஸ் மனதில் இருக்கிறது, கேமரா எந்தப் பக்கம் திரும்பலாம் என்று பென்சிலில் குறித்திருந்தால் இன்னும் நல்லது. எனக்கு அனுப்பினால் எந்தச் சுவர் வேண்டும், எது வேண்டாம், எதற்குத் துணி போதும், எந்த இரண்டு காட்சியை ஒரே மூலையில் எடுக்கலாம் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதித் திருப்பி அனுப்புவேன். அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டேன்.

அன்புடன்,
ஒரு கலை இயக்குநர்