வாளியும் பாய்லரும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல். குளிக்கும்போது தண்ணீர் சுடுவதும் சில்லிடுவதுமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, இந்தக் கோடை முழுக்க நாங்களும் அதோடுதான் மல்லுக்கட்டினோம்.

அம்மா ஜூன் மாதம் லண்டனுக்கு, எங்கள் ஈஸ்ட் ஹாம் வீட்டுக்கு வந்தாள். மறுநாளே குளித்துவிட்டு வந்தவளின் முன்கை சிவந்திருந்தது. "கொதிக்குது, உடனே பச்சைத் தண்ணியா வருது" என்றாள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. பாய்லர் பழுது பார்க்க முதலில் வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பாய்லரையே மாற்றச் சொன்னார். மனசு கேட்கவில்லை, இன்னொருவரைக் கூப்பிட்டேன்.

அவர் பாய்லர் மூடியில் கை வைக்கவே இல்லை. அம்மாவைக் குழாயைத் திறக்கச் சொன்னார். கோவில்பட்டியில் குடம் குடமாகப் பிடித்து வைத்துப் புழங்கியவள், எப்படித் திறப்பாள்? சுண்டுவிரல் தடிமனில் விழுந்தது தண்ணீர். பாய்லர் பற்றியது, கொஞ்ச நேரத்தில் அணைந்தது, மறுபடி பற்றியது.

பிடித்து அளந்தார், நிமிடத்துக்கு 3 லிட்டர். எங்களுடையது 24 கிலோவாட் காம்பி, அதாவது தொட்டி இல்லாமல், குழாயைத் திறந்ததும் கேஸில் பற்றி, ஓடும் தண்ணீரையே சூடாக்கும் பாய்லர். தீயை எவ்வளவு தணித்தாலும் 8 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது. அந்த 3 லிட்டரில் அவ்வளவு சூடும் ஏறினால் 38 டிகிரி கூடிவிடும். ஜனவரியில் தெருக்குழாயிலிருந்து வரும் தண்ணீர் 6 டிகிரி அளவில் வரும்போது 44 ஆகும், தொல்லையில்லை. கோடையில் 18 டிகிரி, அப்போது 56. நாங்கள் வைத்திருந்ததோ 50. அதைத் தாண்டியதும் தானே அணைந்துகொள்கிறது. மறுபடி பற்றிச் சூடேறும்வரை பச்சைத் தண்ணீர்தான். பழுது எதுவுமே இல்லை, சேகர்! நல்ல பாய்லரைக் கழற்றி எறிந்திருப்பேன்.

இப்போது ஒரு வாளி வாங்கி வைத்துவிட்டோம். குழாயை நன்றாகத் திறந்து, ஒரே சூட்டில் நிரப்பி, செம்பில் மொண்டு குளிக்கிறாள். சொட்டு வீணாவதில்லை என்று அவளுக்கும் நிம்மதி.

நீயும் முதலில் ஒரு ஜக்கை வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பார். ஷவரில் பச்சைத் தண்ணீரை நிறையக் கலக்கிறாய் என்றால் பாய்லர் வழியே போவது குறைந்துவிடும். வெந்நீர் அளவை 48க்கு இறக்கினால் கலக்க வேண்டியதும் குறையும். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், பாய்லருக்குள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். உங்கள் கிளாஸ்கோவுக்கு லோக் கேட்ரின் ஏரித் தண்ணீர், அதனால் அந்தச் சந்தேகம் குறைவு. அப்புறம், அறைகளைச் சூடாக்கும் ஹீட்டிங்கை அணைத்துவிட்டு வெந்நீரைத் திறந்து வைத்து ரேடியேட்டரைத் தொட்டுப் பார். அது சூடேறினால், சூட்டை ரேடியேட்டருக்கா குழாய்க்கா என்று திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். அதற்கு கேஸ் வேலை செய்ய அனுமதி தரும் கேஸ் சேஃப் பதிவு உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும், நீயே மூடியைத் திறக்காதே.

எத்தனை லிட்டர் வந்தது என்று எழுது. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், செப்டம்பர்வரை இங்கேதான் இருப்பாள்.

அன்புடன்,
முருகன்