குரோஷா ஊசிக்கும் ஒரு சீட்டு குடுங்க: சபாக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில டிசம்பர் கர்நாடக சங்கீத சீசன் நடத்துற சபா செயலாளர்களுக்கும், கமிட்டி பெரியவங்களுக்கும், வாசல்ல பேட்ஜ் குத்திட்டு நிக்கிற வாலண்டியர் தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம்.

நான் வேளச்சேரியில இருந்து எழுதறேன். பெரிய ரசிகைன்னு சொல்லிக்கிற ஆளு கிடையாது. பொண்ணு எட்டாவது வரைக்கும் வயலின் கத்துக்கிட்டா, அவளை கிளாசுக்கு கூட்டிட்டு போயி வெளிய பெஞ்சுல உக்காந்து உக்காந்து எனக்கு காது பழகிடுச்சு, அவ ஒன்பதாவதுல டியூஷன் இருக்குன்னு சொல்லி வயலினை பீரோ மேல தூக்கி வச்சிட்டா, நான் மட்டும் விடாம உங்க படியேறிட்டு இருக்கேன். பதினோரு வருஷம் ஆச்சு. ராகம் கண்டுபிடிக்கிறதுல பத்துக்கு நாலு தேறும். கல்யாணியும் சங்கராபரணமும் இன்னும் என்னை ஏமாத்திட்டுதான் இருக்குதுங்க.

விஷயத்துக்கு வர்றேன். போன சீசன்ல ஒரு சபா, பேரெல்லாம் வேணாம், படிக்கிறவங்களுக்கு தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். சாயங்காலக் கச்சேரி, காசு குடுத்து டிக்கெட் வாங்கி உக்காந்திருக்கேன், மடியில நூல் கண்டு, கையில குரோஷா ஊசி, அதான் நுனியில கொக்கி இருக்கற பின்னல் ஊசி. மெயின் உருப்படிக்கு முன்னாடி ராகத்தை விரிச்சுப் பாடற ஆலாபனை போயிட்டு இருக்கு. ஒரு வாலண்டியர் தம்பி குனிஞ்சு குனிஞ்சு வந்து காதுகிட்ட, "ஆன்ட்டி, இதெல்லாம் உள்ள பண்ணக்கூடாது, பின்னாடி கம்ப்ளெயிண்ட் பண்றாங்க"ன்னார்.

"சத்தம் வருதாப்பா?"

"சத்தம் இல்ல ஆன்ட்டி. மரியாதை இல்லாத மாதிரி இருக்காம்."

அந்தத் தம்பி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, சொன்னதை செய்யற பிள்ளை. ஆனா அவர் சொல்லிட்டு இருக்கும்போதே எனக்கு முன் வரிசையில ஒருத்தர் போன்ல பங்குச்சந்தை பாத்துட்டு இருந்தார், வெளிச்சம் மூஞ்சில நீலமா அடிக்குது. அவருக்கு ரெண்டு சீட்டு தள்ளி ஒரு அம்மா நல்லா தலை சாஞ்சு தூங்கறாங்க. அவங்ககிட்ட யாரும் மரியாதை பத்தி பேசல. தூங்கறது ஒண்ணும் தப்பில்ல, ஏசியும் நீலாம்பரி ராகமும் சேர்ந்தா யாருக்குத்தான் கண்ணு சொக்காது, ஆனா தூங்கறவங்களை விட நான் அதிகமா கேட்டுட்டு இருந்தேன்னு சபையில சொல்ல எனக்கு உரிமை இருக்குல்ல.

சரின்னு எடுத்து பையில வச்சிட்டேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. கை சும்மா இருக்கு. ரெண்டே நிமிஷத்துல மனசு 'இட்லி மாவை ஃபிரிட்ஜ்ல வச்சமா, வெளியவே விட்டுட்டு வந்துட்டமா'ன்னு கிளம்பிடுச்சு. அங்கேர்ந்து கேஸ் புக்கிங், அங்கேர்ந்து நாத்தனார் பொண்ணு வளைகாப்புக்கு என்ன செய்யறது. திரும்பி வந்து பாத்தா நிரவல், அதாவது ஒரே வரியை விதவிதமா பாடறது, முடிஞ்சு ஸ்வரம் பாதியில இருக்கு. அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். எனக்கு கை கட்டிப் போட்டா காது வேலை செய்யாது. எங்க வீட்டு வழக்கமே அப்படி.

எங்கம்மா வயர் கூடை பின்னுவாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி தூர்தர்ஷன்ல ஒளியும் ஒலியும் ஓடும்போது தெருவே பக்கத்து வீட்டு ஹால்ல இருக்கும், எங்கம்மா மட்டும் சுவத்துல சாஞ்சுக்கிட்டு பாட்டு கேட்டபடி முடிச்சு போட்டுட்டே இருப்பாங்க. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட்டுன்னு முடிச்சு வகை எல்லாம் கண்ணால பாக்காமலே வரும். ஒரு பாட்டுக்கு ஒரு வரிசைன்னு கணக்கு. ரெண்டு ரோல் கூடை ஒண்ணு இன்னும் எங்க வீட்டுல இருக்கு, கைப்பிடி மட்டும் ஒரு தடவை மாத்தினேன், அதுல எந்த வரிசைக்கு என்ன பாட்டு ஓடுச்சுன்னு அம்மாவால சொல்ல முடியும். அவங்க பாட்டை மதிக்கலன்னு யாரும் சொன்னதில்ல.

எனக்கு வயர் வரல, குரோஷா வந்துச்சு. யூடியூப் பாத்து கத்துக்கிட்டதுதான். இப்ப என் நாள் மொத்தமும் அதுலதான் கோத்திருக்கு. ராத்திரி எட்டு மணிக்கு மேல சீரியல், மாமியாரும் நானும் சேர்ந்து பாப்போம், அதாவது அவங்க பாப்பாங்க, நான் கேப்பேன். சீரியலை பாக்கவே வேண்டியதில்ல தெரியுமா, ஒருத்தி கதவு திறந்தான்னா பேக்ரவுண்ட் மியூசிக்லயே அவ நல்லவளா கெட்டவளான்னு சொல்லிடுவாங்க, அதிர்ச்சி வந்தா மூணு தடவை டமார் டமார்னு அடிப்பாங்க, அந்த மூணு அடிக்குள்ள எனக்கு நாலு செயின் முடிஞ்சிடும். சிங்கிங் காம்பெடிஷன் வந்தா மட்டும் தலை நிமிர்ந்து பாக்கறது, அந்த குட்டிப் பசங்க பாடறப்போ மூஞ்சைப் பாக்கணும்.

படிக்கறது ஒண்ணுதான் இதோட ஒத்து வராது, புக்குக்கும் ரெண்டு கை வேணும், நூலுக்கும் ரெண்டு கை வேணும். அதனால பிரிச்சுக்கிட்டேன். வேளச்சேரியில ரயில் ஏறினா திருமயிலை வர்றதுக்குள்ள ஒரு சிறுகதை, திரும்பி போகும்போது குரோஷா. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல நம்ம சொந்த புத்தகத்தையே கொண்டு போய் படிக்க தனி இடம் வச்சிருக்காங்க இல்ல, லீவு நாள்ல அங்க போயிடுவேன், கண்ணு வலிச்சா வெளிய மரத்தடியில உக்காந்து ரெண்டு வரிசை பின்னிட்டு திரும்ப உள்ள போவேன். உங்க சீசன் முடியறதுக்குள்ள நந்தனத்துல புத்தகக் காட்சியும் ஆரம்பிச்சிடுது, பத்து பர்சென்ட் கழிவு போக ஒரு கை பாத்துடுவேன், டிக்கெட் காசும் புக் காசும் ஒரே பர்ஸ்ல இருந்துதான் போகுதுங்கறதையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.

இப்ப தாளத்துக்கு வர்றேன், ஏன்னா நீங்க தாளத்துக்குக் கட்டுப்பட்டவங்க. உங்க ஹால்ல முதல் மூணு வரிசையில பாதிப் பேர் தொடையில தட்டி, விரல் விட்டு, வீசி தாளம் போட்டுட்டேதான் கேக்கறாங்க. சில மாமாக்கள் போடற போடுல பக்கத்து சீட்டு ஆடும். அதை யாராவது மரியாதைக் குறைவுன்னு சொல்லுவாங்களா? கை வேலை செஞ்சாத்தான் காது கணக்கா கேக்கும்னு நம்ம ஊர்ல சொல்லிக் குடுக்காமலே தெரியும். நான் பண்றதும் ஏறத்தாழ அதேதான், என் தாளம் நூல்ல விழுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சும்மா பேச்சுக்கு சொல்லல. ஒரே குழியில டபுள் குரோஷாங்கற பின்னலை அஞ்சு தடவை போட்டா ஒரு ஷெல், சிப்பி மாதிரி விரிஞ்சு நிக்கும், சால்வை ஓரத்துக்கு அதான் அழகு. அஞ்சுன்னா கண்ட சாபு, அஞ்சு எண்ணிக்கைத் தாளம். தக தகிட, தக தகிட. அப்படி ஒரு உருப்படி அமைஞ்சா எனக்கு எண்ணவே வேணாம், கை தானா போகும். ஒரு நாள் மதியக் கச்சேரியில ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும், கண்ட சாபுல ஒண்ணு பாடிட்டு அடுத்ததா மிஸ்ர சாபுல எடுத்துட்டா, நான் கவனிக்கவே இல்ல, காது கவனிச்சிருக்கு. தகிட தகதிமி, தகிட தகதிமின்னு கை ஏழு ஏழா போட்டிருக்கு. வீட்டுக்கு வந்து விரிச்சுப் பாத்தா பார்டர்ல ஒரு முழத்துக்கு அழகா சமமா இருக்கு, அதுக்கப்புறம் ஒன்றரை ஜாண் ஃப்ரில் வச்ச பாவாடை மாதிரி அலை அலையா சுருண்டு நிக்குது. ஒரு குழியில ஏழு போட்டா இடம் பத்தாது, சுருளத்தான் செய்யும். பிரிக்க மனசே வரல. அந்த சால்வை அப்படியேதான் இருக்கு. அந்தப் பொண்ணு பாட்டை நான் கேக்கலன்னு யாராவது சொன்னா அந்த ஓரத்தைத்தான் எடுத்துக் காட்டணும்.

படிச்சவங்க சொன்னாத்தான் கேப்போம்னா அதுவும் இருக்கு. இங்கிலாந்துல பிளிமத் யுனிவர்சிட்டியில ஜாக்கி ஆண்ட்ரேட்னு ஒரு சைக்காலஜிஸ்ட், 40 பேருக்கு ஒரு போன் மெசேஜ் போட்டுக் காட்டி, பாதிப் பேரை மட்டும் பேப்பர்ல கட்டத்துக்கும் வட்டத்துக்கும் பென்சிலால நிழல் அடிச்சுக்கிட்டே கேக்கச் சொன்னாங்க. அடிச்சவங்களுக்கு மத்தவங்களை விட 29 சதவீதம் அதிகமா ஞாபகம் இருந்துச்சாம். அது ரொம்ப போரடிக்கிற மெசேஜா பாத்து எடுத்தாங்களாம், உங்க கச்சேரியை நான் அந்த லிஸ்ட்ல சேக்கல, தப்பா எடுத்துக்காதீங்க. டென்மார்க்ல தியேட்டர்ல லைட்டை முழுசா அணைக்காம பின்னறவங்களுக்குன்னே சினிமா போடறாங்க. பின்லாந்துல யோன்சூன்னு ஒரு ஊரு, அங்க 2019ல ஹெவி மெட்டல் பாட்டுக்கு மேடையில ஏறி பின்னற உலகப் போட்டியே வச்சாங்க, தலையை ஆட்டிக்கிட்டே ஊசி போடறாங்க, வீடியோ பாத்து எங்க மாமியார் ஒரு வாரம் சிரிச்சாங்க. அவ்வளவு தூரம் ஏன், நம்ம சென்னையிலயே 2016 ஜனவரியில பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை விரிச்சு கின்னஸ் வாங்கினாங்க. இத்தனை ஊசி இருக்கற ஊரு இது. 2017ல யுனெஸ்கோ இசை நகரம்னு பட்டம் குடுத்ததும் இதே ஊருக்குத்தான். ரெண்டும் ஒரே ஹால்ல உக்காரக்கூடாதா?

என் பக்கத்து தப்பையும் சொல்லிடறேன், இல்லன்னா நியாயம் இல்ல. மூணு சீசனுக்கு முன்னாடி என் அலுமினிய ஊசி, 3.5 எம்எம், நீல பிடி போட்டது, நிரவல் உச்சத்துல இருக்கும்போது கை தவறி விழுந்துச்சு. சரிவான தரை. 'டிங்'னு ஒரு சத்தம், அப்புறம் உருண்டு உருண்டு உருண்டு முன்னாடி எங்கயோ போய் நின்னுச்சு. வயலின்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பாத்தார். எனக்கு அந்த சீட்டுக்கு அடியிலேயே புதைஞ்சு போயிடலாம் போல இருந்துச்சு. அன்னிக்கு யாராவது என்னைத் திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். அதுலருந்து உள்ள வந்தா மூங்கில் ஊசி மட்டும்தான், விழுந்தாலும் சத்தம் வராது. கத்தரிக்கோல் கொண்டு வர்றதில்ல, வீட்டுல போயி வெட்டிக்குவேன். நூல் கண்டு பைக்குள்ளயே இருக்கும், ஓடாது. பக்கத்துல இருக்கறவங்க வேணாம்னு என்கிட்டயே ஒரு வார்த்தை சொன்னா எடுத்து வச்சிடுவேன், ஒருத்தருக்கு கண்ணோரத்துல ஏதோ ஆடிட்டே இருந்தா தொந்தரவுதான், அதை நான் ஒத்துக்கறேன். வயர் கூடை கேக்கல, அது மொறமொறன்னு சத்தம் போடும், எங்கம்மாவுக்கே டிவி வால்யூமை ஏத்திதான் வைப்போம்.

கேக்கறது சின்ன விஷயம். கடைசி ரெண்டு வரிசையில ஓரத்து சீட்டுங்க சிலதை எங்களை மாதிரி ஆளுங்களுக்கு விடுங்க. இல்ல, உங்க சபாவுல கூடவே கூடாதுன்னா அதை டிக்கெட்டுலயோ வாசல் போர்டுலயோ முன்கூட்டியே போட்டுடுங்க, நாங்க முடிவு பண்ணிக்கிறோம். ஆலாபனை நடுவுல வந்து குனிஞ்சு சொல்லாதீங்க, எனக்கு மட்டும் இல்ல, அந்த வரிசை மொத்தத்துக்கும் கலைஞ்சு போச்சு அன்னிக்கு.

இன்னொண்ணு, இதை மனசுல வச்சுக்கிட்டேதான் எழுத ஆரம்பிச்சேன். உங்க மதிய ஸ்லாட். பல சபாவுல டிக்கெட்டே கிடையாது, சின்னப் பசங்க ஒரு வருஷம் முழுக்க உழைச்சு வந்து பாடறாங்க, கீழ யாரு இருக்கா? பெத்தவங்க, குரு, கேண்டீன் கூட்டம் குறையட்டும்னு காத்துட்டு இருக்கற ரெண்டு பேர். ஆயிரம் சீட்டு ஹால்ல முப்பது தலை. அதுலயும் மிருதங்கம் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சா பத்துப் பேர் எழுந்து காபிக்கு போயிடுவாங்க, அந்த மிருதங்கப் பையன் போறவங்க முதுகைப் பாத்துக்கிட்டே வாசிப்பான். நான் எழுந்ததே இல்ல. தனியிலதான் எனக்கு வேலை நல்லா ஓடும், தனியை முடிக்கற மோரா வரும்போது வரிசையை முடிக்கணும்னு எனக்கும் அவனுக்கும் ஒரு போட்டி. எங்க அபார்ட்மெண்ட்லயே குரோஷா, ஆரி வேலைன்னு பண்றவங்க ஏழு பேர் இருக்கோம், மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் ஃப்ரீ, பிங்க் பஸ்ல டிக்கெட்டும் இல்ல. ஆரிக்கு துணியை இழுத்துக் கட்ட மரச்சட்டம் வேணும், அதை விட்டுடலாம், குரோஷாக்காரங்க நாலு பேரை நானே கூட்டிட்டு வர்றேன். வருவீங்களான்னு கேட்டேன், "கை வேலையோட உக்கார விடுவாங்களா?"ன்னுதான் நாலு பேரும் கேட்டாங்க. பதில் என்கிட்ட இல்ல, உங்ககிட்ட இருக்கு.

இந்த சீசனுக்கு சாம்பல் கலர் காட்டன் நூல்ல ஒரு மேசை விரிப்பு தொடங்கியிருக்கேன், ஓரம் இன்னும் போடல. கண்ட சாபு வரட்டும்னு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
கடைசி வரிசை, ஓரத்து சீட்டு

பி.கு: அந்த 3.5 எம்எம் நீலப் பிடி ஊசி, ஹாலைப் பெருக்கறப்போ முன் வரிசை சீட்டுங்களுக்கு அடியில எங்கயாவது கிடைச்சிருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. கவுண்டர்ல வச்சிருங்க, வந்து வாங்கிக்கிறேன்.